டேப்பில் வந்த மயில்ராணி

பனியனில் பளபளப்பு ஏற்றுவதுதான் சிவராஜின் தொழில். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் அவர் ஃபாயில் மாஸ்டர். துணியில் பசையை, படம் பதித்த வலைச் சட்டமான ஸ்கிரீன் வழியாக இழுத்து, காயவிட்டு, மேலே ஃபாயில் தாளைப் பரப்பி, சூட்டு மெஷினில் வைத்து அழுத்துவார்கள். ஆறிய பிறகு தாளை உரித்தால், பசை இருந்த இடத்தில் மட்டும் தங்கமோ வெள்ளியோ ஒட்டி நிற்கும். சொல்ல இவ்வளவுதான். சூடு கொஞ்சம் கூடினால் தங்கம் கறுக்கும். குறைந்தால் முதல் சலவையிலேயே உதிரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இத்துனூண்டு இடத்தில்தான் மாஸ்டர் நிற்க வேண்டும். சிவராஜ் நின்றார்.

பொங்கலூர்ப் பக்கம் சொந்த ஊர். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பனியன் மடிக்க வந்தவர், மடிக்கிற மேஜையிலிருந்து பிரிண்டிங் மேஜைக்கு நகர்ந்தார். அதிகம் பேசமாட்டார். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு சாம்பிளை அனுப்பினால், அதே நிறம், அதே மினுக்கு வரும்வரை விடமாட்டார். "சிவராஜ் மாஸ்டர் கை பட்டா ஒரிஜினல் தோத்துரும்" என்று எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் சொல்வார்கள். திருப்பூரில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் தலையைக் குனிந்துகொண்டு மீசையைத் தடவுவார். சந்தோஷம் என்று அர்த்தம்.

2006இல் ஓர் ஆர்டர் வந்தது. ஐரோப்பாவில் பிள்ளைகள் விளையாடும் 'எம்பர்ஹால்' என்கிற சீட்டு விளையாட்டு. ராஜா ராணி ஜோக்கர் சீட்டு இல்லை. பூதம், ஓநாய் மேல் சவாரி செய்கிறவன், தீ கக்கும் பாம்பு என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மாயப் பிறவி. அந்தப் படங்களைக் குழந்தைகள் பனியனில் ஃபாயிலோடு அடிக்க வேண்டும். மினுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, பையர் நிஜ அட்டைகள் சிலவற்றை அனுப்பியிருந்தார். அந்த விளையாட்டில் பெரும்பாலான அட்டைகள் சாதா அட்டைகள். எப்போதாவது ஒன்றுதான் ஃபாயில் அட்டையாக வரும். அதிலும் சில, கிடைக்கவே கிடைக்காது.

சிவராஜ் ஒரு ஃபாயில் அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். திரும்பச் சாய்த்தார். வாழ்நாளெல்லாம் பளபளப்பை மேலே ஒட்டியவர் அவர். இந்த அட்டையில் பளபளப்பு அடியில் கிடந்தது. நிறம் அதன்மேல் நின்றது. நகத்தால் வழித்தாலும் வராது. சாய்க்கச் சாய்க்கப் பூதத்தின் வயிற்றுக்குள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

ஆர்டர் கப்பலேறியது. அட்டைகளை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்படித்தான் ஆரம்பித்தது.

விளையாட்டின் விதி அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அவருக்கு வேண்டியது ஃபாயில் அட்டை மட்டும். பையரின் ஆள் சரக்கு பார்க்க வந்தால், டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லுவார். ஒவ்வொரு அட்டையையும் அளவாக வெட்டி ஒட்டிய பாலிபேக்கில் போடுவார். மழைக்காலத்தில் ஃபாயில் அட்டை வில்லாக வளையும் என்பதால், ஏற்றுமதிப் பெட்டிகளில் ஈரம் இழுக்கப் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தகர டப்பாவின் அடியில் பரப்பி, மேலே அட்டைகளை அடுக்குவார். பெயர்களும் அவரே வைத்தவைதான். கல்லுப்பூதம். ஓநாய்க்காரன். மூணுகண்ணி.

மனைவி சாரதாமணிக்கு இது சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"ஏனுங்க, காசு வெச்சுச் சீட்டாடறவங்களையாச்சும் போலீசு வந்து புடிக்கும். உங்களை ஆரு வந்து புடிக்கிறது?"

"நீதான் புடிச்சு வெச்சிருக்கறயே சாரதா."

"நான் புடிச்சது ஒரு மனுசனைங்க. இப்பப் பாத்தா பொம்மைச் சீட்டு யாவாரியா இருக்குது."

யாவாரம் எதுவும் அவர் செய்யவில்லை. மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான். அதற்கும் ஓர் இடம் இருந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரின் மாடியில் மாரிச்செல்வத்தின் ரூம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பையர்களின் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்தவர். ஞாயிறு காலையில் அவரைப் போல வெளிநாட்டுத் தொடர்புள்ள இளைஞர்கள் அங்கே கூடி எம்பர்ஹால் ஆடுவார்கள், அட்டை மாற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு மத்தியில் தலை நரைத்தவர் சிவராஜ் ஒருவர்தான். ஆடமாட்டார். ஆனால் யாராவது ஃபாயில் அட்டை கொண்டுவந்தால் முதலில் அவர் கைக்குத்தான் போகும். சாய்த்துப் பார்த்து, "நல்ல சரக்குங்க" என்பார். அதன் பிறகுதான் பேச்சு. வாரம் முழுக்க பிறத்தியார் பொருளுக்கு மாதிரி செய்கிற மனிதர். மாதிரி இல்லாதது என்று அவரிடம் இருந்தது அந்த டப்பா. அதில் இருப்பது நிஜம் என்று நம்புகிற ஒரே இடம் அந்த அறை.

மயில்ராணி அவருக்குக் கிடைத்தது 2007 கடைசியில். சரக்கு பார்க்க வந்த ஜெர்மன் பெண்மணி கொடுத்துவிட்டுப் போன பாக்கெட்டில் இருந்தது. மயில் தோகையையே இறக்கையாக விரித்த ஒரு ராணி. அந்த அறையில் எல்லோரும் படத்தில் மட்டும் பார்த்த அட்டை. பாக்கெட்டை வீட்டில் வைத்துப் பிரித்தார். பார்த்தவர்கள் சாரதாமணியும், கோவையில் பாலிமர் எஞ்சினியரிங் படித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்த மகள் நிர்மலாவும்தான். சிவராஜ் அதை ரொம்ப நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் சாரதாமணியிடம், "கையக் கழுவீட்டு வந்து புடிச்சுப் பாரு" என்றார்.

அந்த ஞாயிறு மாரிச்செல்வத்தின் அறையில் அவருக்கு டீயும் பஜ்ஜியும் வந்தன. மூன்று மாதம் அந்த மரியாதை நீடித்தது.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு. கரண்ட் இல்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் ஒண்டியிருந்தார்கள். டேனியல் உள்ளே வந்தார். பெருமாநல்லூர்க்காரர், வேறொரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாயாடி.

"மாஸ்டர், உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க."

"எதுக்குங்க?"

"தங்கம் கிங்கம் ஒட்டியிருக்குதான்னு பாக்கத்தானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கேலி என்று நினைத்து சிவராஜும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். டேனியல் பர்ஸிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மயில்ராணி. ஆனால் இறக்கையில் மினுக்கு இல்லை. வியர்வையில் ஊறி உதிர்ந்து, பர்ஸின் துணியில் துகள் துகளாக ஒட்டியிருந்தது. அட்டையும் இரட்டைக் கனம். ஒரு சாதா அட்டையின் மேல் இன்னொன்றை ஒட்டி வெட்டியிருந்தார்கள்.

சிவராஜ் ஓரத்தை விரலால் தடவினார்.

"இது நான் அடிச்சதுங்க" என்றார். "பசை ஓரத்தைப் பாருங்க. என்ற கையுங்க."

தன் வேலையை அடையாளம் கண்டவர் அதைச் சொல்லிவிட்டார். அவருக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அறை அமைதியான பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

விளக்கினார். 2006 பனியன் ஆர்டரில் மயில்ராணி படமும் ஒன்று. அந்தச் சமயத்தில் துணி சாயப்பட்டறையிலிருந்து வரத் தாமதம். பையருக்கு மினுக்கைக் காட்டியாக வேண்டும். அதனால் ஆர்ட் அட்டையில் அச்சிட்ட படத்தின் மேல் இறக்கைக்கு மட்டும் ஃபாயில் ஏற்றி, ஒப்புதலுக்காக எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்பினார். ஸ்ட்ரைக் ஆஃப் என்பார்கள். எல்லா ஆர்டருக்கும் உண்டு. அங்கே யாரோ அதை வெட்டி ஒட்டி ஒரிஜினல் என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

"ஆருங்க உங்களுக்குக் குடுத்தது?"

"அந்தாளு வேலைய உட்டுட்டு சூரத்துக்குப் போயிட்டானுங்க மாஸ்டர்" என்றார் டேனியல். "என்னோட ஓநாய்க்காரனையும் தூக்கிட்டுப் போயிட்டான். செரி, அது போவுது. உங்க டப்பாவுல இருக்கறது?"

"அது ஒரிஜினலுங்க."

"இதையும் ஒரிஜினல்னு சொல்லித்தானுங்க குடுத்தான்."

"டேனியலு, சும்மா இருப்பா" என்று மாரிச்செல்வம் குறுக்கிட்டார். "அண்ணாச்சி அப்படிப்பட்டவரு கெடையாது." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா அண்ணாச்சி, ஊரே சொல்லுதுல்லா... உங்க கை பட்டா ஒரிஜினல் தோத்துரும்னு."

அதே சொல். யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

சிவராஜ் டப்பாவைத் திறந்து தன் மயில்ராணியை எடுத்து மேஜையில் வைத்தார். "டேப் போட்டுப் பாத்தரலாமுங்க" என்றார். "எங்க வேலையில அதுதான் கோர்ட்டு. டேப்பை ஒட்டி ஒரே இழுப்பா இழுப்போம். மினுக்கு டேப்புல வந்துச்சுன்னா ஃபெயில். மேல ஒட்டுன ஃபாயிலா இருந்தா வரும். அடியில இருந்தா வராது. வந்துச்சுன்னா டூப்ளிகேட்டுன்னே வெச்சுக்குங்க."

"நீங்களே சொல்லீட்டீங்க" என்றார் டேனியல்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் மாரிச்செல்வம். "நல்ல அட்டை."

"நல்ல அட்டைன்னா நிக்குமுங்க."

யூனிட்டில் அவர் டெஸ்ட்டுக்கு எடுப்பது மெல்லிய செல்லோ டேப். அந்த அறையில் இருந்தது கார்ட்டன் பெட்டி ஒட்டுகிற பிரௌன் டேப். வேறு டேப் கேட்டிருக்கலாம். கேட்டால் சாக்குத் தேடுகிறார் என்பார்களோ என்று நினைத்தார். டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்து, காற்றில்லாமல் அழுத்தி, துணியில் இழுக்கிற வேகத்திலேயே இழுத்தார்.

துணி தாங்கும். அட்டை துணியில்லை. இத்தனை காலம் துணியிலேயே இருந்த கைக்கு அது தோன்றவில்லை.

மயில்ராணியின் முகமும் ஓர் இறக்கையும் டேப்போடு வந்துவிட்டன.

யாரோ "ப்ச்" என்றார்கள். சிவராஜ் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். நிறம், அதன்மேல் ஃபாயில், அதற்கும் மேல் வெள்ளையாகக் காகித நார்.

"பாருங்க" என்றார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "பேப்பரும் சேந்து வந்திருக்குது பாருங்க. நான் அடிச்சதா இருந்தா வெறும் ஃபாயில்தான் வரும், பேப்பர் அட்டையிலயே நிக்கும். இது அட்டையோட தோலையே உரிச்சுட்டு வந்திருக்குது. ஒரிஜினல்ங்கறதாலதான் இப்படி வருது."

"மாஸ்டர், வந்தா டூப்ளிகேட்டுன்னீங்க. வந்திருச்சு" என்றார் டேனியல். "இப்ப ஆரு கூட்டியாந்தா, எதோட வந்துச்சுன்னெல்லாம் விசாரிக்கோணுங்களா?"

இந்த முறை சிரித்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். டேனியலின் அட்டையிலும் டேப் போட்டு வித்தியாசம் காட்டலாம் என்றால், அதில் ஒட்டுவதற்கு மினுக்கே மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தார். சாரதாமணி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போனாப் போவுது உடுங்க. அந்தப் பசங்களை நம்பியா நம்ம ஊட்டுல உலை கொதிக்குது?" என்றார். தட்டில் போட்ட சோறு ஆறியது.

நிர்மலா பரீட்சைக்குப் படிக்க வீட்டில் இருந்தாள். டேப்பையும் அட்டையையும் வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சொல்றது கரெக்டு. ஆனா ஒத்தை ரிசல்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒப்பிட ஒண்ணு வேணும். அந்த ஸ்கிரீன் இருக்குதுங்களா?"

"ரிப்பீட் ஆர்டர் வருமுன்னு வெச்சிருக்குது."

"அப்ப அதே மாதிரி ரெண்டு அடிங்க. ஒண்ணுல டேப் போடுங்க, ஒண்ணை அப்படியே வெச்சுக்குங்க. ரெண்டு டேப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாக் கொழந்தைக்கும் தெரியும்."

அவர் மகளையே பார்த்தார். "நான் அடிக்கலைன்னு காட்டறதுக்கு, அடிச்சுக் காட்டோணுமா கண்ணு?"

டெஸ்ட் என்றால் அப்படித்தான்.

மறுநாள் யூனிட்டுக்கு அவளும் போனாள். சிவராஜ் பழைய ஆர்டர் ஃபைலிலிருந்து மிச்ச ஆர்ட் அட்டைகளை எடுத்து, ஸ்கிரீனைப் பொருத்தி, பசையைக் கலக்கினார். கலக்க ஆரம்பித்ததும் முகம் இளகியது. வேலை பிடித்த கை அது.

"கொஞ்சம் சுமாரா அடிங்கப்பா" என்றாள் நிர்மலா. "ரொம்ப நல்லா வந்துச்சுன்னா அதுவே உங்களுக்கு வம்பு."

"சுமாரா அடிச்சா டெஸ்ட்டு பொய்யாயிருமே சாமி."

முழு மனசோடு அடித்தார். தாளை உரித்தபோது, பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தன் கையால் அதைவிட நல்ல ஃபாயில் அவர் அடித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாரிச்செல்வம் இரண்டு டேப்பையும், துணியில் இழை எண்ணுகிற கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒன்றில் வெறும் ஃபாயில். இன்னொன்றில் காகித நார். வேண்டுமானால் பழசையே இன்னும் கொஞ்சம் உரித்துப் பாருங்கள் என்று சிவராஜ் அட்டையை நீட்டினார். மாரிச்செல்வம் வாங்கவில்லை.

"போதும் அண்ணாச்சி. உங்களுது ஒரிஜினல்தான். நாங்கதான் அநியாயமா நல்ல அட்டையைக் கெடுக்க வெச்சுட்டோம்."

டேனியல் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க மாஸ்டர்." நிஜமாகத்தான் சொன்னார். டீ வந்தது. சிவராஜ் மீசையைத் தடவினார்.

டேப் போடாத இன்னொரு புது அட்டை மேஜையில் கிடந்தது. அது கைமாறி டேனியலிடம் வந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்தார். மறுபடி சாய்த்தார்.

"மாஸ்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணு அடிச்சுக் குடுங்களேன். என்ற ஆல்பத்துல அந்த எடம் மட்டும் காலியா இருக்குதுங்க. ஒரிஜினல்னு ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

அறை மொத்தமும் அவரைப் பார்த்தது. ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. ஆசைதான் இருந்தது.

"பாக்கலாமுங்க" என்றார் சிவராஜ்.

கொங்கு நாட்டில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. பெண் கேட்டு வந்தவர்கள் பிடிக்கவில்லை என்றாலும் பாக்கலாமுங்கதான், வயலைக் கிரயத்துக்குக் கேட்டாலும் பாக்கலாமுங்கதான். கேட்டவர் புரிந்துகொண்டு செருப்பைப் போட்டுக்கொள்வார். டேனியல் இந்த மண்ணுக்காரர். புரிந்துகொண்டு அட்டையைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்துவிட்டார். மாரிச்செல்வம் சாத்தூர்க்காரர். அவர் ஊரில் பாக்கலாம் என்றால் பார்க்கலாம்தான்.

புதன்கிழமை மாலை அவரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, நீங்க சரின்னு சொன்னதுல நம்ம பயலுகளுக்கு ஒரே சந்தோசம். அஞ்சாறு பேரு கேக்காங்க. கோயம்புத்தூர்லயிருந்து கூட ஒருத்தரு கேக்காரு. எப்ப வந்து வாங்கிக்கிட?"

சிவராஜ் போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முடியாதுங்க" என்றார்.

அடுப்படியிலிருந்து சாரதாமணி எட்டிப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை.

"என்ன அண்ணாச்சி, அன்னைக்கு அப்படிச் சொன்னிய?"

"ஸ்கிரீனைக் கழுவீட்டனுங்க. இனி அடிக்க முடியாதுங்க."

திங்கட்கிழமையே கழுவிவிட்டார். கெமிக்கலை ஊற்றி, தண்ணீரைப் பீய்ச்சியடித்து, ராணி இருந்த இடம் வெறும் வலையாகும்வரை நின்று பார்த்தார். ரிப்பீட் ஆர்டர் வந்தால் முதலாளியிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் கழுவினார். கழுவிவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்.

"கழுவிட்டீங்களா? அதுக்குள்ளயா? எதுக்கு?" என்றார் மாரிச்செல்வம். அப்புறம், மரியாதை குறையாத குரலில்: "அண்ணாச்சி, வேற பார்ட்டி யாருக்காச்சும் சொல்லி வெச்சிருக்கீங்களா? இருந்தாச் சொல்லுங்க, நாங்க தப்பா எடுக்க மாட்டோம். எங்களுக்கு மட்டும் முடியாதுன்னா, யாருக்கு முடியும்னு ஒரு கேள்வி வரும்லா."

சிவராஜ் போனை வைத்துவிட்டார். அன்று சாப்பிட்டுவிட்டு டப்பாவைத் திறக்காமல் படுத்தார்.

ஞாயிறு வந்தது. போகாதீர்கள் என்று சாரதாமணி சொன்னார். நிர்மலாவும் சொன்னாள். "போகலைன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த வாரம் போனார், அடுத்த வாரம் போனார். அடுத்த மாசியில் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே சாகும்வரை ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அந்த அறையில் அவரை யாரும் அவமரியாதையாகப் பேசவில்லை. வாங்க மாஸ்டர் என்றார்கள், டீ கொடுத்தார்கள். புது ஃபாயில் அட்டை வந்தால் அவர் கைக்கு மட்டும் போகவில்லை. அவர் தன் அட்டைகளை மேஜையில் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஒருவர் கல்லுப்பூதத்தை எடுப்பார், ஜன்னல் பக்கம் சாய்ப்பார், அவர் பார்க்காத மாதிரி ஓரத்தில் நகத்தை வைத்து ஒரு கீறு கீறிப் பார்ப்பார். எதுவும் உதிராது. ஆனாலும் மாற்றிக்கொள்ளாமல் வைத்துவிடுவார். அடுத்தவர் அதையே எடுப்பார். அதே ஓரம், அதே நகம். அடியில் இருந்த மினுக்கு கீறல் கீறலாக வெளியே தெரிய ஆரம்பித்தது.

சிவராஜ் தடுக்கவில்லை. எட்டாத தூரத்தில் இருந்தவர்களுக்கு, அட்டையை அவரே நகர்த்தி வைத்தார்.